ஹைட்டியும் எங்கப்பாவின் நாற்பது பக்க நோட்டும்

போன மாசம் ஒரு நாள் மத்தியானம். ஆபீஸ் கேண்டீன்ல தயிர்சாதத்தோட உட்கார்ந்திருந்தோம், நாலு பேர். காலையிலிருந்து ஆணி அதிகம். ரிலீஸ் தேதி வேற தலைக்கு மேல தொங்கிக்கிட்டிருந்தது. சுவத்துல மாட்டியிருக்கிற டிவியில சத்தம் இல்லாம ஏதோ வெளிநாட்டுச் செய்தி. ஹைட்டி. கையில துப்பாக்கியோட சின்னப் பசங்க, எரிஞ்சு கிடக்கிற டயர், தலையில மூட்டையோட ஓடுற பெண்கள்.

எங்க டீம்ல ஒருத்தர், நல்ல மனுஷன், நிறையப் படிக்கிறவர், சொன்னார்: "1804ல சுதந்திரம் வாங்கின நாடு பாஸ் இது. இருநூறு வருஷம் தாண்டியாச்சு. இன்னமும் வெள்ளைக்காரன் சுரண்டிட்டான்னே சொல்லிட்டிருந்தா எப்படி? அதே தீவுல பக்கத்துலயே டொமினிகன் ரிபப்ளிக் இருக்கு. அவன் மேல வரலையா?"

நான் தலையாட்டினேன். ஆட்டினதோட நிறுத்தியிருக்கலாம். "உழைக்கிறவன் எங்க இருந்தாலும் மேல வந்துடுவான்"னு ஒரு பஞ்ச் டயலாக் வேற. எல்லாரும் ஆமாம்னாங்க. தட்டை எடுத்துப் போட்டுட்டு வந்து மறுபடியும் பொட்டி தட்ட ஆரம்பிச்சாச்சு.

ஆனா அந்த வாக்கியம் மட்டும் சாயங்காலம் வரைக்கும் மண்டைக்குள்ள ஒட்டிக்கிட்டே இருந்தது. காரணம், அது அன்னிக்குப் புதுசா சொன்னது இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடி கிட்டத்தட்ட இதே வார்த்தையில இன்னொருத்தரைப் பார்த்துச் சொல்லியிருக்கேன்.

எங்கப்பாவை.

*

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் கரூர் பக்கம். அப்பாவுக்குச் சொந்தமா ஒரு சைக்கிள் கடை. கடைன்னா, வேப்பமரத்தடியில தகரக் கொட்டாய், ஒரு காத்தடிக்கிற பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணி ஊத்தி வெச்ச தொட்டி. காலைல ஆறு மணிக்குத் திறந்தா ராத்திரி ஒன்பது வரைக்கும் அங்கதான் இருப்பார். ஞாயித்துக்கிழமையும் உண்டு. ஆனா வீட்டுல எப்பவுமே பணம் இருக்காது. ஸ்கூல் பீஸ் கடைசித் தேதிக்கு அப்புறம்தான் கட்டுவோம். தீபாவளிக்கு ஒரு சட்டை, அதுவும் பொங்கலுக்குப் போடுறதுக்கும் சேர்த்து ஒரு சைஸ் பெருசா :-)

சித்தப்பா, அதாவது அப்பாவோட தம்பி, பதினாறு வயசுல திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர். நான் ப்ளஸ் டூ முடிக்கும்போது அவருக்குச் சொந்தமா ஆறு தையல் மிஷின், மாடி வீடு, ஒரு செகண்ட்ஹேண்ட் மாருதி. அந்த வருஷம் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பணம் பத்தல. சித்தப்பாகிட்ட கேக்கலாம்னு அம்மா சொன்னாங்க, அப்பா வேண்டாம்னுட்டார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு. கடைக்கே போய் நின்னு சொன்னேன்: "சித்தப்பாவும் உங்க கூடப் பொறந்தவர்தானே? உழைக்கிறவன் எங்க இருந்தாலும் மேல வந்துடுவான்ப்பா. நீங்கதான் இங்கயே உட்கார்ந்துட்டீங்க."

ஒரு சக்கரத்தை மாட்டிவெச்சுப் பெண்டு எடுத்துக்கிட்டிருந்தார். கை ஒரு செகண்ட் நின்னுச்சு. அப்புறம் மறுபடி சுத்த ஆரம்பிச்சது. ஒண்ணும் சொல்லல.

அப்புறம் பேங்க்ல எஜுகேஷன் லோன் கிடைச்சு, படிச்சு, கேம்பஸ்ல செலக்ட் ஆகி, சென்னைக்கு வந்து, அதையெல்லாம் மறந்தும் போனேன். கேண்டீன் டிவி ஞாபகப்படுத்திடுச்சு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. சரி, இந்த ஹைட்டிக்கு என்னதான் ஆச்சுன்னு படிக்க உட்கார்ந்தேன். ஒரு ராத்திரி, மூணு வாரமா நீண்டுடுச்சு.

*

கரீபியன் கடல்ல ஹிஸ்பானியோலான்னு ஒரு தீவு. 1492ல கொலம்பஸ் கால் வெச்ச தீவுகள்ல அதுவும் ஒண்ணு. அங்க இருந்த டாய்னோ மக்கள் கொஞ்ச காலத்துலயே அடிமை வேலையிலயும் அம்மையிலயும் கிட்டத்தட்ட அழிஞ்சே போனாங்க. 1697ல ஸ்பெயின் அந்தத் தீவோட மேற்கு மூணுல ஒரு பங்கை பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. பிரெஞ்சுக்காரங்க அதுக்கு சான் டொமாங்ன்னு பேர் வெச்சாங்க. அதுதான் இன்னிக்கு ஹைட்டி.

"ஏழை நாடு"ன்னு நாம சொல்ற அந்த இடம் 1780கள்ல உலகத்துலயே அதிக லாபம் கொடுத்த காலனி. ஐரோப்பா குடிச்ச காபியில பாதிக்கு மேல அங்கிருந்து போனது. சர்க்கரையிலயும் அதுதான் முன்னணி. அங்க வேலை செஞ்சது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்ல அடைச்சுக் கொண்டுவந்த ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள். கரும்புத் தோட்டத்துல ஆட்கள் சாகிற வேகத்துக்குப் பிள்ளைகள் பொறக்கல. அதனால சாகச் சாகப் புதுசா வாங்கி இறக்கிக்கிட்டே இருந்தாங்க. மிஷின் தேய்ஞ்சா மாத்துற மாதிரி.

1791 ஆகஸ்டுல அந்த அடிமைகள் எழுந்தாங்க. பதிமூணு வருஷப் போர். டூசன் லுவர்ச்சர்னு ஒரு முன்னாள் அடிமை தளபதியா வந்து பிரெஞ்சு, ஸ்பானிஷ், பிரிட்டிஷ்னு மூணு வல்லரசுகளோட படைகளையும் சமாளிச்சார். 1794ல பிரான்சே அடிமை முறையை ஒழிச்சுது. ஆனா நெப்போலியன் வந்ததும் 1802ல பெரிய படையை அனுப்பினார். டூசனைப் பேச்சுவார்த்தைன்னு கூப்பிட்டு, பிடிச்சு, கப்பல்ல ஏத்தி, பிரான்சுல ஒரு மலைக்கோட்டைச் சிறையில போட்டாங்க. 1803 ஏப்ரல்ல குளிர்லயே செத்துப்போனார். அவருக்கு அப்புறம் டெசலின் தலைமையில போர் தொடர்ந்து, 1803 நவம்பர்ல வெர்த்தியேர்ங்கிற இடத்துல பிரெஞ்சுப் படை தோத்தது. 1804 ஜனவரி 1, ஹைட்டி சுதந்திர நாடு.

அடிமைகள் கலகம் பண்ணி ஜெயிச்சு ஒரு நாடே அமைச்சது வரலாற்றுல அது ஒண்ணுதான். டெசலின் அந்த வருஷமே மிச்சமிருந்த பிரெஞ்சுக்காரங்களைப் பெரும்பாலும் கொன்னுட்டார், பெண்கள் குழந்தைகள்கூட தப்பல. அதையும் மறைக்க விரும்பல.

இதுவரைக்கும் எங்கயோ கொஞ்சம் கேள்விப்பட்டிருந்தேன். இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குச் சுத்தமா தெரியாது.

சுத்தியும் இருந்த எல்லா நாடும் அடிமைகளை வெச்சிருந்த நாடு. "அங்க ஜெயிச்சுட்டாங்க"ங்கிற சேதி நம்ம தோட்டத்துக்கும் வந்துட்டா? ஹைட்டியைத் தள்ளி வெச்சாங்க. அமெரிக்கா அதை ஒரு நாடுன்னு ஏத்துக்கிட்டது 1862ல. ஐம்பத்தெட்டு வருஷம் கழிச்சு!

1825 ஜூலையில பிரான்சிலிருந்து போர்க்கப்பல்கள் வந்தன, சுமார் 500 பீரங்கிகளோட. ராஜா பத்தாம் சார்ல்ஸ் ஒரு ஓலை அனுப்பியிருந்தார். சாராம்சம் இதுதான்: உங்களை சுதந்திர நாடுன்னு ஏத்துக்கிறோம். ஆனா நீங்க விடுதலை ஆனதால எங்க தோட்ட முதலாளிகளுக்கு நஷ்டம். அதுக்கு 15 கோடி ஃப்ராங்க், அஞ்சு தவணையில கொடுக்கணும். எங்க சரக்குக்குப் பாதிச் சுங்கம்தான் வாங்கணும்.

நஷ்டக் கணக்குல நிலம் மட்டும் இல்ல, அடிமைகளும் உண்டு. அதாவது "சொத்து". தன் உடம்போட விலையை, அந்த உடம்பைச் சாட்டையால அடிச்சவனுக்கே கட்டணும். சாட்டையடி வாங்கினவனுக்கு யாரும் நஷ்டஈடு பேசல.

அதிபர் புவாயே கையெழுத்து போட்டார். முதல் தவணை 3 கோடி ஃப்ராங்க். அந்த அரசாங்கத்தோட ஒரு வருஷ வருமானத்தைப் போல அது சுமார் ஆறு மடங்கு. எங்கே போறது? பாரிஸ் பேங்குக்காரங்க கடன் தர்றோம்னாங்க. பிரான்சுக்குக் கட்ட பிரான்சுலயே கடன். 3 கோடிக்குப் பத்திரம். அதுல 60 லட்சத்தைக் கமிஷன், செலவுன்னு முதல்லயே பிடிச்சுக்கிட்டு, மீதி 2 கோடியே 40 லட்சம். வட்டி மட்டும் முழு 3 கோடிக்கு.

வரலாற்று ஆசிரியர்கள் இதை "இரட்டைக் கடன்"னு சொல்றாங்க. ஒண்ணு நஷ்டஈடு, இன்னொண்ணு அதைக் கட்ட வாங்கின கடன்.

நம்ம ஊர்ல இதுக்கு வேற பேர் இருக்கு, இல்லையா?

*

ரெண்டு வாரம் முன்னாடி ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இப்பல்லாம் கடைக்கு அரை நாள்தான் போறார். சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தோம். பேச்சுவாக்குல இந்த ஹைட்டி கதையைச் சொன்னேன். "நூறு ரூபாய்க்கு எழுதி வாங்கிட்டு எண்பதைக் கையில குடுக்கிற மாதிரிப்பா. ஒரு நாட்டுக்கே இப்படி பண்ணியிருக்காங்க."

அப்பா சிரிச்சார். எழுந்து உள்ள போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்தப்போ கையில ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு, நடுவுல மடிச்ச ஒரு காகிதம்.

"நமக்கும் அப்படித்தான் குடுத்தாங்க சாமி."

1991ல எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) கிணத்துல சைடு போர் போடக் கடன் வாங்கியிருக்கார். 20,000 ரூபாய்க்கு புரோநோட்டு. கையில வந்தது 16,000. மூணு வட்டி, நூத்துக்கு மாசம் மூணு ரூபாய், முழு இருபதாயிரத்துக்கும். போர்ல தண்ணி வரல. ரெண்டு வருஷத்துல அப்பாரு போயிட்டார். மூத்த பையன் அப்பா, கடனை ஏத்துக்கிட்டார். இருந்த கொஞ்ச நிலமும் மத்த கடனுக்குப் போயிடுச்சு. தம்பியை மட்டும் "நீ போய்ப் பொழைச்சுக்கோ"ன்னு திருப்பூருக்கு பஸ் ஏத்தி விட்டிருக்கார்.

மாசாமாசம் அஞ்சாம் தேதி டிவிஎஸ் ஃபிப்டியில ஒருத்தர் கடைக்கு வருவார். டீ குடிச்சுட்டுப் போவார். அப்பாவோட சிநேகிதர்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். எனக்கு மிட்டாய்கூட வாங்கிக் கொடுத்திருக்கார்.

நோட்டுல ஒரு வரிக்கு ஒரு மாசம். தேதி, 600, ஒரு கையெழுத்து. பக்கம் பக்கமா அதேதான். 2012ல கடைசியா அசல் இருபதாயிரமும் கட்டி முடிச்சிருக்கார். புத்தி எங்க போகும், மொபைலை எடுத்துக் கணக்கு போட்டேன். 21 வருஷம், 252 மாசம், 600 ரூபாய். 1,51,200 வட்டி. அசலோட சேர்த்து 1,71,200. கையில வாங்கினது 16,000.

2003ல கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அது வந்த மாசமும் நோட்டுல 600 இருக்கு.

நான் சைக்கிள் கடையை மட்டும்தான் பார்த்திருந்தேன். இந்த நோட்டைப் பார்த்ததில்ல. பார்க்காமலேயே தீர்ப்பு சொல்லிட்டேன்.

*

ஹைட்டியோட நோட்டையும் மிச்சம் புரட்டிடறேன்.

1838ல பிரான்ஸ் மொத்தத் தொகையை 9 கோடி ஃப்ராங்கா குறைச்சது. குறைச்சும் அது மலைதான். பணம் எங்கிருந்து வந்தது? மலைச்சரிவுல அரை ஏக்கர், ஒரு ஏக்கர்ல காபி போட்ட முன்னாள் அடிமைகள்கிட்ட இருந்து, காபி ஏற்றுமதி வரியா. அந்த வரியில பள்ளிக்கூடமும் ரோடும் சாக்கடையும் வந்திருக்கணும். அது கப்பல் ஏறிப் போச்சு. இது ஏதோ ஆரம்பத்துல மட்டும் நடந்த கதை இல்ல. 1911ல காபி வரியா வந்த ஒவ்வொரு 3 டாலர்லயும் 2.53 டாலர் பிரெஞ்சு முதலீட்டாளர்களோட கடனுக்குப் போயிருக்கு. நூத்துக்கு எண்பத்து நாலு!

1880ல ஹைட்டிக்குன்னு ஒரு தேசிய வங்கி வந்தது. பேர்தான் ஹைட்டி தேசிய வங்கி, தலைமையகம் பாரிஸ்ல. அரசாங்கம் தன் சொந்தப் பணத்தைப் போட்டாலும் எடுத்தாலும் கமிஷன். அதை நடத்தினது ஒரு பாரிஸ் வங்கி. அதே காலத்துல ஐஃபல் கோபுரம் கட்டவும் பணம் போட்ட வங்கிகள்ல அதுவும் ஒண்ணு. ஐஃபல் கோபுரத்து முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கணும்னு ஒரு ஆசை இருக்கு எனக்கு. இனி அந்தப் படத்துல காபிச் செடியும் தெரியும்.

அப்புறம் அமெரிக்கா. 1914 டிசம்பர்ல அமெரிக்க மரைன் வீரர்கள் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ்ல இறங்கி, அந்த வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தைத் தூக்கிக்கிட்டு நியூயார்க்குக்குப் போனாங்க. கடன் கொடுத்தவன் வீட்டுக்குள்ள வந்து பீரோவைத் திறந்து எடுத்துட்டுப் போற மாதிரி. அடுத்த ஜூலையில அதிபரைக் கலகக் கூட்டம் கொன்னதும், அமைதியை ஏற்படுத்தறோம்னு படையே வந்து இறங்கிடுச்சு. 1915லிருந்து 1934 வரைக்கும், பத்தொன்பது வருஷம் போகல.

அந்தக் காலத்துல ரோடு போட்டாங்க, உண்மைதான். எப்படி? விவசாயிகளைப் பிடிச்சுக் கயித்துல கட்டிக் கட்டாய வேலைக்கு இழுத்துட்டுப் போய். அடிமைகளா இருந்தவங்களோட பேரப்பிள்ளைகள் அவங்க. எதிர்த்து நின்ன ஷார்லமான் பெரால்ட்டை 1919ல சுட்டு, உடம்பை ஒரு கதவுல கட்டிவெச்சுப் போட்டோ எடுத்து ஊரெல்லாம் விநியோகம் பண்ணாங்க, பயப்படட்டும்னு. வெளிநாட்டுக்காரன் நிலம் வாங்கக் கூடாதுன்னு டெசலின் காலத்துலிருந்து இருந்த விதியை 1918 அரசியல் சட்டத்துல நீக்கினாங்க. 1922ல பழைய கடனை அடைக்க நியூயார்க்குல புதுக் கடன். ஒரு பத்து வருஷ காலத்துல நாட்டோட மொத்த வருமானத்துல கால்வாசி, நேஷனல் சிட்டி பேங்க் கையில இருந்த கடனுக்கே போச்சு.

இதெல்லாம் முடிஞ்சது எப்பன்னு நினைக்கிறீங்க? 1947ல. நாம கொடி ஏத்தின அதே வருஷம். 1825லிருந்து 1947 வரைக்கும் 122 வருஷம்.

என் நண்பர் சொன்ன "இருநூறு வருஷ சுதந்திரம்" இதுதான். அதுல பாதிக்கு மேல தவணை கட்டினது.

2022ல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை பழைய ஆவணங்களைத் தோண்டிக் கணக்கு போட்டது. ஹைட்டி கட்டினது இன்னிக்கு மதிப்புல சுமார் 56 கோடி டாலர். அது நாட்டுக்குள்ளேயே இருந்து மெதுவா வளர்ந்திருந்தா குறைஞ்சது 2,100 கோடி டாலர் ஆகியிருக்கும்னு சொன்னாங்க. எங்கப்பா நோட்டுக்கும் இந்த மாதிரி கணக்கு உண்டு. மாசம் 600 ரூபாய் கடையில போட்டிருந்தா? ஒரு வெல்டிங் மிஷின், அப்புறம் நாலு வாடகை சைக்கிள், அப்புறம் ஒரு டூவீலர் மெக்கானிக் ஷெட்... வட்டியா போன காசை விட, அது வேலை செய்ய முடியாமப் போனதுதான் பெரிய நஷ்டம்.

*

"சரி, எல்லாத்துக்கும் வெளிநாட்டுக்காரன்தான் காரணமா?"ன்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டுக்கிட்டேன்.

இல்லதான். 1957லிருந்து 1986 வரைக்கும் டுவாலியே அப்பனும் மகனும் அந்த நாட்டை மொட்டை அடிச்சாங்க. டொன்டொன் மக்கூட்ங்கிற குண்டர் படையை வெச்சு ஆயிரக்கணக்கான பேரைக் கொன்னாங்க. அவங்க ஹைட்டிக்காரங்கதான். காபி விவசாயி மேல வரியைப் போட்டுட்டு, தாங்கள் வரி கட்டாம நழுவின நகரத்துப் பணக்காரங்களும் ஹைட்டிக்காரங்கதான். ஆனா அந்த அப்பனும் மகனும் கம்யூனிஸ்ட் எதிர்ப்பாளர்கள்ங்கிறதால அமெரிக்க உதவி பெரும்பாலும் போய்க்கிட்டே இருந்தது. 1986ல மக்கள் விரட்டினப்போ மகன் ஏறிப் போனது அமெரிக்க விமானம், போய் இறங்கின இடம் பிரான்ஸ். எங்கப்பாவும் 2001ல ஒரு ஏலச்சீட்டுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டு மாட்டிக்கிட்டவர்தான். தப்பே பண்ணாதவர் இல்ல. ஆனா கையில காசு இருக்கிறவன் பண்ற தப்பு தழும்போட போகுது. கடன்ல இருக்கிறவன் பண்ற தப்பு காலையே எடுத்துடுது.

டொமினிகன் ரிபப்ளிக்? அவங்களும் அமெரிக்க ஆக்கிரமிப்பு, சர்வாதிகாரம் எல்லாம் பார்த்தவங்கதான். ஆனா இந்த 15 கோடி பில் அவங்க பேர்ல இல்ல. 1822லிருந்து 1844 வரைக்கும் ஹைட்டி அந்தப் பக்கத்தையும் ஆண்டது. கடனைக் கட்ட அவங்க மேலயும் வரி போட்டது. அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1844ல அவங்க பிரிஞ்சாங்க. எங்க சித்தப்பாவும் நல்ல உழைப்பாளி, சந்தேகமே இல்ல. ஆனா அஞ்சாம் தேதி டிவிஎஸ் ஃபிப்டி திருப்பூருக்குப் போனதில்ல.

கடன் முடிஞ்ச பிறகும் "உதவி" விடல. ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, பன்றி. ஹைட்டி கிராமத்துல கறுப்பா, குட்டையா ஒரு நாட்டுப் பன்றி இருந்தது. கிடைச்சதைத் தின்னு வளரும். அதுதான் குடியானவனோட பேங்க். நம்ம ஊர்ல ஆட்டுக்குட்டியை வித்து ஸ்கூல் பீஸ் கட்டற மாதிரி. 1970களோட கடைசியில ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்தது. அது நம்ம நாட்டுக்கும் பரவிடும்னு பயந்த அமெரிக்கா முன்ன நின்னு, 1983க்குள்ள மொத்தப் பன்றிகளையும் கொல்ல வெச்சது. பதிலுக்கு வந்தது அமெரிக்கப் பன்றி. அதுக்குக் கூரை போட்ட கொட்டகை வேணும், நல்ல தண்ணி வேணும், காசு போட்டு வாங்கின தீவனம் வேணும். கிராமத்து ஜனங்க அதுக்கு "நாலு கால் இளவரசர்"னு பேர் வெச்சாங்க. அவங்களுக்கே கிடைக்காத வசதி அது கேட்டுச்சு.

ரெண்டு, அரிசி. வெளிநாட்டு அரிசிக்கு இருந்த சுங்க வரியை, கடன் கொடுக்கிறவங்க நெருக்கடியில, 1995ல வெறும் 3 சதவீதமா குறைச்சாங்க. மானியத்துல விளைஞ்ச அமெரிக்க அரிசி வந்து குவிஞ்சுது. ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்குல நெல்லு போட்டவங்க போட்டி போட முடியாம நகரத்துச் சேரிக்கு நகர்ந்தாங்க. அப்போ அமெரிக்க அதிபரா இருந்த பில் கிளின்டனே 2010ல செனட் கமிட்டி முன்னாடி ஒத்துக்கிட்டார். அது தன் சொந்த மாநிலமான ஆர்கன்சாஸ் விவசாயிகள் சிலருக்கு நல்லதா இருந்திருக்கலாம், ஆனா அது தப்பு, ஹைட்டி தன் மக்களுக்குச் சோறு விளைவிக்கிற சக்தியை இழந்ததுக்குத் தானும் பொறுப்புன்னு சொன்னார். அவர் அதைச் சொன்னது, 2010 ஜனவரி 12 பூகம்பம் சேரிகளைத் தரைமட்டமாக்கிய ரெண்டு மாசத்துல. அதே வருஷம் அக்டோபர்ல ஐ.நா. அமைதிப்படை முகாமோட கழிவு ஆத்துல கலந்து காலரா வந்தது. ஏறத்தாழ 10,000 பேர் செத்தாங்க. ஐ.நா. பொதுச்செயலாளர் மன்னிப்பு கேட்டது 2016 டிசம்பர்ல.

டிவியில நான் பார்த்த அந்தத் துப்பாக்கிப் பசங்க வானத்திலிருந்து குதிக்கல. 2021 ஜூலையில அதிபர் ஜொவெனெல் மொய்ஸ் தன் வீட்டுலயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நாடு இன்னும் சிதறிடுச்சு. ஆனா சிதற அங்க என்ன மிச்சம் இருந்ததுங்கிறதையும் சேர்த்துத்தானே பார்க்கணும்.

*

திண்ணையில இதையெல்லாம் சுருக்கிச் சொல்லி முடிச்சப்போ நல்லா இருட்டிடுச்சு. அம்மா காபி கொண்டுவந்து வெச்சாங்க. அப்பா அந்த மடிச்ச காகிதத்தைப் பிரிச்சுக் காட்டினார். அப்பாருவோட புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்பு மேல அவரோட கைநாட்டு. குறுக்கால ரெண்டு கோடு போட்டு "பைசல்"னு எழுதியிருந்தது.

"இதைக் கையில வாங்கின அன்னிக்குத்தான் தூங்குனேன்"னார். அப்புறம் கேட்டார்: "அவங்க கட்டி முடிச்சுட்டாங்கன்னியே, பத்திரத்தைத் திருப்பி வாங்கிட்டாங்களா சாமி?"

எனக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆச்சு. 2003ல அதிபர் அரிஸ்டீட் கணக்கு போட்டு, 2,168 கோடி டாலர் சொச்சம், கடைசி 48 சென்ட் வரைக்கும் போட்டு, பிரான்ஸ்கிட்ட திருப்பிக் கேட்டார். அடுத்த பிப்ரவரியில கலகம் முத்தி, அமெரிக்க விமானத்துல நாட்டை விட்டே போகவேண்டி வந்தது. 2015ல பிரெஞ்சு அதிபர் ஒலாந்து கடனைத் தீர்ப்பேன்னு பேசினார். அன்னிக்கே அவர் ஆளுங்க, அது பணம் இல்ல, தார்மீகக் கடன்னு விளக்கம் சொல்லிட்டாங்க. 2025 ஏப்ரல் 17, அந்த ஓலைக்குச் சரியா இருநூறு வருஷம். அன்னிக்கு அதிபர் மக்ரோன், நடந்தது அநியாயம்னு ஒத்துக்கிட்டு, ரெண்டு நாட்டு வரலாற்று ஆசிரியர்களையும் வெச்சு ஆராய ஒரு கமிஷன் அறிவிச்சார்.

"இல்லப்பா. இப்பத்தான் கமிஷன் போட்டிருக்காங்க"ன்னேன்.

அப்பா காபியை ஆத்திக்கிட்டே சிரிச்சார். "கமிஷனா? அதைத்தான் மொதல்லயே புடிச்சுக்கிட்டாங்களே!"

ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சப்புறம் ஒரு அமைதி. அதுக்குள்ள சொல்லிடணும்னு தோணுச்சு. "அப்பா, ப்ளஸ் டூ முடிச்சப்போ கடையில வந்து ஒண்ணு சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது..."

"இருக்குது"ன்னார்.

எனக்கு மேற்கொண்டு வார்த்தை வரல. அவர்தான் பேசினார். நோட்டை மடிச்சு என் கையில கொடுத்துட்டு, "அன்னிக்கு உனக்குக் கணக்குத் தெரியாது. விடு" அப்படின்னார்.

நோட்டு இப்போ சென்னையில, என் மேஜை டிராயர்ல இருக்கு. அடுத்த தடவை கேண்டீன்ல யாராவது ஒரு நாட்டையோ, ஒரு மனுஷனையோ பார்த்து "இவன் ஏன் இன்னும் இப்படியே இருக்கான்"னு கேட்டா, தலையாட்டறதுக்கு முன்னாடி "இவன் இதுவரைக்கும் யாருக்கு எவ்வளவு கட்டியிருக்கான்?"னு ஒரு கேள்வி கேட்கணும்னு இருக்கேன்.